மைலேஜ் பக்தர்களுக்கு டயர் வாங்கும் முறை

முதலில் தகுதி. இந்தக் கையேடு எல்லாருக்கும் ஆனதல்ல. பெட்ரோல் பங்கில் குழாய் தானாக நின்ற பிறகும் "இன்னும் கொஞ்சம் விடுங்க" என்று வண்டியை ஆட்டி ஆட்டி நிரப்பி, ரசீதின் பின்பக்கம் கிலோமீட்டரைக் குறித்து, வீட்டுக்கு வந்து வகுத்துப் பார்த்து, மனைவியிடம் "இருபத்தஞ்சு புள்ளி ஆறு" என்று அறிவித்து, அவர் "யாருக்கு, மார்க்கா?" என்று கேட்கப் பெற்றவர்கள் மட்டும் மேலே படிக்கலாம். மற்றவர்கள் ஒரு மாலை நேரம் கடைக்குப் போய் டயர் மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். அவர்களுக்கு வழிகாட்டி எதற்கு?

2022 செப்டம்பரில் மாருதி கிராண்ட் விட்டாராவும் டொயோட்டா ஹைரைடரும் விற்பனைக்கு வந்தன. இரண்டும் பிடதி தொழிற்சாலையில் பிறந்த உடன்பிறப்புகள். இரண்டின் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கும் சோதனைக்கூடம் கொடுத்த சான்றும் ஒன்றே: லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். அந்த எண்ணை நம்பி, சாதா மாடலைவிடக் கூடுதலாக லட்சங்களை எண்ணிக் கொடுத்து வாங்கியவர்களின் வண்டிகள் இப்போது நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று ஓடி முடித்து டயர் மாற்றும் பருவத்துக்கு வந்திருக்கின்றன. 27.97 வந்ததா என்று அவர்களிடம் கேட்பது நாகரிகமல்ல.

டயர் வாங்குவதில் முதல் வேலை, டயர் தேயவில்லை என்று நிரூபிப்பது. வண்டிக்கு அருகில் குனியவும். பட்டனுக்கு நடுவே ஓடும் பள்ளங்களில் குறுக்காகச் சின்னச் சின்ன மேடுகள் தெரியும். பக்கவாட்டில் ஒரு முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ அந்த மேடு எங்கே என்று காட்டிக்கொடுக்கும். பட்டன் தேய்ந்து மேட்டுக்குச் சமமாகிவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர், டயர் முடிந்தது. புதிதில் அது எட்டு மில்லிமீட்டர் அளவுக்கு இருந்தது. மேட்டுக்கு மேல் ஒரு நூல் தெரிந்தாலும் போதும், "இன்னும் அஞ்சாயிரம் தாராளமா ஓடும்" என்று சொல்லிவிட்டு எழுந்து முட்டியைத் தட்டிக்கொள்ளலாம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து உள்பக்க ஓரத்தை மட்டும் பார்க்கக் கூடாது. அலைன்மென்ட் விலகிய வண்டியில் மொட்டையாவது அங்கேதான். பார்த்தால் மனம் சங்கடப்படும்.

யாராவது மேலும் வற்புறுத்தினால், ஹைபிரிட் வண்டியில் டயர் தேயாது என்று விளக்கவும். பிரேக்கை மிதித்தால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வேகத்தைப் பிடித்து பேட்டரிக்கு அனுப்புகிறது, பிரேக் பேடு அப்படியே இருக்கிறது, ஆகவே டயரும் அப்படியே இருக்கும் என்பது வாதம். முதல் பாதி உண்மை. பேடு நிஜமாகவே வருஷக்கணக்கில் உழைக்கும். ஆனால் வண்டியை நிறுத்துகிற விசை பேடிலிருந்து வந்தாலும் மோட்டாரிலிருந்து வந்தாலும் சாலையைப் பிடிப்பது டயர்தான். அதற்கு விடுமுறை கிடையாது. போதாக்குறைக்கு, இந்த வண்டிகளில் மோட்டார் முன்சக்கரங்களோடு சேர்ந்திருப்பதால், அந்தப் பிடிப்பு முழுக்க முன் டயர்கள் தலையில் விழுகிறது. சிக்னலில் சத்தமில்லாமல் விருட்டென்று கிளம்பி ஆட்டோக்காரரைத் திடுக்கிட வைக்கிறீர்களே, அந்தச் செலவும் முன் டயர் கணக்கில்தான். இந்த இரண்டாம் பாதியை வாதத்தில் சேர்க்க வேண்டாம்.

தேய்ந்த டயரைப் பிரிய மனம் வராததற்கு உங்களிடம் இதைவிட நல்ல காரணம் ஒன்று இருக்கிறது. டயர் தேயத் தேய மைலேஜ் கூடுகிறது! சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் இடத்தில் ரப்பர் நசுங்கி, விலகி, மறுபடி பழைய வடிவத்துக்கு வருகிறது. நசுக்கக் கொடுத்த சக்தி முழுதும் திரும்பி வருவதில்லை. ஒரு பங்கு சூடாகிப் போய்விடுகிறது. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு டயரைத் தொட்டால் சுடுவது உங்கள் பெட்ரோல்தான். பட்டன் குறைந்தால் நசுங்குவதற்கு ரப்பரும் குறைவு, இழப்பும் குறைவு. ஆகவே உங்கள் காரின் வாழ்நாள் சாதனை மைலேஜ், மழைத்தண்ணீரைத் தள்ளி வெளியேற்றப் பள்ளமே இல்லாத டயரில்தான் வரும். அந்த நாளில் மீட்டரைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஈரச் சாலைக்குப் போக வேண்டாம்.

சரி, மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்துவிட்டது. இனி ஆலோசனை. வண்டியோடு வந்த கையேட்டையும், டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் தவிர மற்ற அனைவரிடமும் கேட்கவும். இதில் நம் ஊருக்கு ஒரு தனி உரிமை உண்டு. எம்.ஆர்.எஃப். 1946இல் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தது திருவொற்றியூரில். அப்பல்லோவுக்கு ஒரகடம், மிஷெலினுக்குத் தேர்வாய் கண்டிகை. சென்னையைச் சுற்றி இத்தனை ரப்பர் வெந்துகொண்டிருக்கும்போது டயர் ஞானம் நமக்குக் காற்றிலேயே கலந்து வருகிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள்.

கோயம்புத்தூர் மச்சான் போனில் சொல்வார்: "மாப்ளே, 235 போடுங்க. வண்டி நிக்கிற கெத்தே தனியா இருக்குமுங்க." இதை அலட்சியப்படுத்த வேண்டாம், கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் டயரில் 215/60 ஆர்17 என்று எழுதியிருக்கும். அகலம் 215 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், அதாவது 129. ரிம் 17 அங்குலம். மேலும் கீழும் சுவரைச் சேர்த்தால் சக்கரத்தின் மொத்த உயரம் 690 மில்லிமீட்டர். இதே 60ஐ வைத்துக்கொண்டு 235க்குப் போனால் உயரம் 714 ஆகிவிடும். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்ல ஆரம்பிக்கும், ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது எங்காவது உரசும், டயரின் எடை கூடும், காற்றும் அதிகம் தடுக்கும். மைலேஜுக்காக லட்சங்கள் கொடுத்து வாங்கிய வண்டியில், அந்த மைலேஜைக் கழற்ற மறுபடி காசு கொடுப்பது என்று பொருள். கெத்து என்னவோ நிஜம்தான். மச்சானிடம் டீசல் வண்டி.

அளவுக்குப் பின்னால் 96எச் என்று இருக்கும். 96 என்றால் ஒரு டயர் 710 கிலோ தாங்கும்; எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை ஓடும். வேலூர் பக்கம் இரண்டையும் ஒரே நாளில் சோதித்துப் பார்க்க நினைப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு ஒரே விதி: வண்டியோடு வந்த எண்ணுக்கும் எழுத்துக்கும் கீழே இறங்கக் கூடாது. விலை குறைவு என்று யாராவது இறக்கிக் கொடுத்தால், குலதெய்வம் கோயிலுக்கு ஏழு பேரும் பொங்கல் பானையும் ஏறுகிற நாளை ஒருமுறை நினைத்துக்கொள்ளவும்.

இனி ஆராய்ச்சியின் இதயப் பகுதி. எந்த டயர் சுலபமாக உருளும்? இதற்குக் குறைந்தது மூன்று வார இறுதிகளை ஒதுக்கவும். ஃபிரிட்ஜிலும் ஏ.சி.யிலும் ஒட்டுகிற அதே நட்சத்திர ஸ்டிக்கர் டயருக்கும் வந்திருக்கிறது, தேடவும். ஐரோப்பாவில் விற்கிற டயருக்கு ஏ முதல் ஈ வரை எழுத்து போடுகிறார்கள்; அந்தப் பட்டியலையும் திறக்கவும். திறந்த பிறகு ஒரு விஷயம் தெரியவரும். அங்கே விற்கிற அதே பெயர் டயர் இங்கே வேறு கலவையில் இருக்கலாம். அதுமட்டுமல்ல, காரோடு தொழிற்சாலையிலிருந்து வந்த டயரும், அதே கம்பெனி அதே பெயரில் கடையில் விற்கிற டயரும்கூட ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. கார் கம்பெனி தன் சான்றிதழ் மைலேஜுக்காக லேசாக உருளும் டயரைக் கேட்டு வாங்கியிருக்கும். கடைக்கு வருகிற வாடிக்கையாளர் கேட்பது வேறு. அவர் கேட்பது "எத்தனை ஆயிரம் ஓடும்?"

இப்போது காகிதம் பேனா. உருளும் தடை பத்து சதவீதம் குறைந்தால் பெட்ரோல் ஒன்று முதல் இரண்டு சதவீதம் மிச்சமாகும் என்பது பொதுவாக ஒப்புக்கொண்ட கணக்கு. வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர், லிட்டருக்கு 24, லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால், வருஷச் செலவு ஐம்பதாயிரம். மிச்சம் ஐந்நூறிலிருந்து ஆயிரம் ரூபாய். வாரத்துக்கு ஒரு டீ! சில வாரங்களில் வடையும் உண்டு. அதற்காக டயருக்கு இரண்டாயிரம் வீதம் நான்கு டயருக்கு எட்டாயிரம் கூடக் கொடுத்தால், அந்த எட்டாயிரம் திரும்பி வருவதற்குள் டயர் தேய்ந்துவிடும். இந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டு ஆராய்ச்சியைத் தொடரவும்.

ஆராய்ச்சியில் ஒருபோதும் பார்க்கக் கூடாத பத்தி ஒன்று இருக்கிறது. ஈரச் சாலைப் பிடிமானம். லேசாக உருளுவதும் ஈரத்தில் இறுகப் பிடிப்பதும் ரப்பரிடம் ஒன்றுக்கொன்று முரணான கோரிக்கைகள். நசுங்கி மெதுவாக மீளுகிற ரப்பர் சாலையின் நுண்மேடுகளைப் பற்றிக்கொள்ளும், ஆனால் பெட்ரோலைத் தின்னும். 1990களில் கரித்தூளுக்குப் பதிலாக சிலிகா கலந்து இரண்டையும் ஓரளவு சேர்த்துக்கொண்டார்கள். மிஷெலின் 1992இல் அப்படிக் கொண்டுவந்த டயர்தான் இன்றைய 'பச்சை' டயர்களின் மூத்தது. நல்ல டயர் என்பதில் பாதி இந்தக் கலவையின் விலை. மலிவான டயர் லேசாக உருண்டால், எதை விட்டுக்கொடுத்து உருளுகிறது என்று கேட்கத்தான் வேண்டும். நம் அரசாங்கமும் கேட்டிருக்கிறது: ஏ.ஐ.எஸ். 142 என்ற தரவிதி உருளும் தடை, ஈரப் பிடிமானம், சத்தம் மூன்றுக்கும் எல்லை வகுத்து, புதிய டயர் வடிவங்களுக்கு 2022 அக்டோபரிலிருந்தும் பழையவற்றுக்கு 2023இலிருந்தும் அமலானது. அது பாஸ் மார்க். அதற்கு மேல் யார் எவ்வளவு என்பது வேறு.

எவ்வளவு என்பதை மீட்டரில் சொன்னால் புரியும். ஐரோப்பிய எழுத்துகளில் ஈரப் பிடிமானம் ஒரு படி இறங்கினால், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்பதற்கு மூன்று முதல் ஆறு மீட்டர் கூடுதலாக வேண்டும். உங்கள் கிராண்ட் விட்டாராவின் நீளம் 4.345 மீட்டர். ஓர் எழுத்து என்பது ஒரு கார். முன்னால் போகிற காரின் பம்பரில் நிற்பதா, அதன் பின்சீட்டில் நிற்பதா என்ற கேள்வி.

இது புரிந்த ஒரே மனிதர் உங்கள் பட்டியலில் இல்லாதவர், ஆக்டிங் டிரைவர். ஐப்பசியில் உங்களைத் திருச்செந்தூர் கூட்டிப்போய் வந்தவர், சாவியைக் கொடுக்கும்போது தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "திண்டிவனம் தாண்டி மழைல பிரேக் வெச்சேன் சார். பெடல்ல ஏ.பி.எஸ். கடகடன்னு அடிக்குது, வண்டி நிக்கவே இல்ல. டயரைப் பாருங்க சார்." நீங்கள் உடனே கேட்டது: "மைலேஜ் எவ்ளோ காட்டுச்சு?" அவர் மேலே ஒன்றும் பேசவில்லை. பேட்டா வாங்கிக்கொண்டு போய்விட்டார். இது சரியான நடைமுறை. வடகிழக்குப் பருவமழை வருகிறது என்றால் காரை வேளச்சேரி மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துவதுதான் சென்னைக்காரரின் முன்னேற்பாடு. நின்றுகொண்டிருக்கும் காருக்கு ஈரப் பிடிமானம் எதற்கு?

கடைக்குப் போகும் நாள். நீங்கள் அச்சடித்துக்கொண்டு போன தாளைக் கடைக்காரர் பார்க்க மாட்டார். அவர் முதலில் பார்ப்பது உங்கள் பழைய டயரை. இடது முன்பக்கத்தில் குனிந்து, ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, "அலைன்மென்ட் பண்ணி எவ்ளோ நாளாச்சு சார்?" என்பார். மூன்று வாரம் படித்ததில் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது. "எது நல்ல டயர்?" என்று கேட்டால் "எல்லாமே நல்ல டயர்தான் சார், பட்ஜெட் சொல்லுங்க" என்பார். ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 ஆனது 2025 செப்டம்பர் 22இல். விலை சொன்னதும் இதை எடுத்து விடவும். அவர் புன்னகையோடு "குறைச்ச விலைதான் சார் இது" என்பார். பழைய டயருக்கு எக்ஸ்சேஞ்ச் எவ்வளவு என்று வாதாடிக் கிடைக்கிற சில நூறு ரூபாயில் மகிழ்ச்சி அடையவும்.

பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள்: 2325 என்றால் 2025ஆம் வருஷம் 23ஆம் வாரத்தில் செய்தது. ரப்பர் சும்மா இருந்தாலும் இறுகும். நான்கு டயரிலும் இதைப் பார்க்க வேண்டும், அதிலும் நான்காவதில் கண்டிப்பாக. மாதம் நானூறு கிலோமீட்டர் மட்டும் ஓட்டி, பட்டன் அப்படியே இருக்கிறது என்று பெருமைப்படுபவர்களுக்கும் இது பொருந்தும்: ஐந்து வருஷத்துக்குப் பிறகு வருஷம் ஒருமுறை டயரைக் காட்டச் சொல்வதும், பத்து ஆனால் பட்டன் இருந்தாலும் கழற்றச் சொல்வதும் டயர் கம்பெனிகளின் வழக்கம்.

மாட்டுகிற பையனை மட்டும் தொந்தரவு செய்யாமல் பார்க்கலாம். மெஷினில் ரிம்மைப் பூட்டி, ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, கம்பியால் நெம்பி டயரை ஏற்றுவான். ஏற்றுவதற்கு முன்னால் டயரைச் சுற்றி எதையோ தேடுவான். பக்கவாட்டில் மிளகு அளவு மஞ்சள் புள்ளி. டயரிலேயே லேசான இடம் அது. கனமான வால்வுக்கு நேரே வைத்தால் பேலன்ஸுக்கு ஈயம் குறைவாக ஒட்டினால் போதும். சொல்லாமலே வால்வுக்கு நேரே வைப்பான். காற்று ஏறும்போது 'டொப்' 'டொப்' என்று இரண்டு சத்தம், இரண்டு ஓரமும் ரிம்மில் உட்கார்ந்துவிட்டது. அந்த நேரத்தில் நீங்கள் கல்லாவில் நைட்ரஜன் நிரப்பலாமா என்று பேசிக்கொண்டிருப்பீர்கள். சாதாக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். மிச்சத்துக்குத்தான் காசு.

இரண்டு டயர் மட்டும் வாங்குகிறவர்கள் புதியதை முன்னால் போடச் சொல்வார்கள், ஓட்டுகிற சக்கரம் அதுதானே என்று. டயர் கம்பெனிகள் பின்னால் போடச் சொல்கின்றன. ஈரத்தில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேரே போகும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி கிடைத்துவிடும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுற்றும், அப்போது காலை எடுப்பதால் நிலைமை மோசமாகத்தான் ஆகும். கடையில் இதைச் சொன்னால் எல்லாரும் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் பிடிவாதம் பிடிக்கலாம்.

கடைசியில் துக்கம் அனுஷ்டித்தல். புது டயரோடு முதல் டேங்க் முடிந்ததும் வகுத்துப் பார்ப்பீர்கள்: குறைந்திருக்கும். எந்த டயர் வாங்கியிருந்தாலும், பழையதுக்கு அப்படியே இரட்டையாக வாங்கியிருந்தாலும், குறைந்திருக்கும். ஒரு காரணம் மேலே சொன்னது, எட்டு மில்லிமீட்டர் ரப்பர் நசுங்குகிறது. இன்னொரு காரணம் வேடிக்கையானது. தேய்ந்த சக்கரம் விட்டத்தில் 13 மில்லிமீட்டர் சின்னது. அதே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்றி, மீட்டரில் இரண்டு சதவீதம் அளவுக்கு அதிகக் கிலோமீட்டர் காட்டிக்கொண்டிருந்தது. 25 என்று நீங்கள் எல்லாரிடமும் சொன்னதில் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் ஓடவே இல்லை. இதை மச்சானிடம் சொல்ல வேண்டாம். டயர் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்லவும், அவரும் ஆமோதிப்பார்.

போதாததற்கு, சத்தம். மோட்டாரில் ஓடும்போது இன்ஜின் வாய் மூடியிருக்குமாதலால், புது டயரின் ஊங்காரம் ஜி.எஸ்.டி. சாலை முழுக்கக் கூடவே வரும். பாட்டு போட்டுக்கொள்ளவும்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. நான்கு டயரிலும் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜில் 0.2 சதவீதம் போகிறது. ஆறு பி.எஸ்.ஐ. இறங்கிய வண்டி, மூன்று வாரம் தேடிப் பிடித்த டயரின் லாபத்தை அப்படியே விட்டுவிடும். தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் எவ்வளவு என்று இருக்கிறது; டயர் சூடாவதற்கு முன், பக்கத்துப் பங்கில், இலவசமாக. ஆனால் அங்கே நாலு பைக்கும் ஒரு ஷேர் ஆட்டோவும் வரிசையில் நிற்கும். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். அப்படியும் இறங்கிவிட்டீர்கள் என்றால், காற்றடிக்கிற பையன் நாலும் முடித்துவிட்டு "ஸ்டெப்னி பாக்கணுமா சார்?" என்பான். டிக்கியில் சாமான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பவும்.